வயர் ஒருத்தற்ர, பில் இன்னொருத்தற்ர

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில இன்ரநெற் பில்லைப் பற்றி நாலு வரி எழுதப்போய் இந்த மாதம் வந்த கேள்வியில பாதிக்கு மேல அதைப் பற்றித்தான் கிடக்கு. மாடு கண்டு, நெல்லு விலை, சாதகப் பொருத்தம் எண்டு கேட்டு எழுதின ஆக்கள் கோவிக்காதேங்கோ, உங்களுக்கு அடுத்த மாதம் வட்டியோட பதில் வரும். இந்த முறை முழுக்க வயர்க் கதைதான்.

கேள்வி: தம்பி, என்ர மகள் லண்டனில இருக்கிறாள். எடுத்திருந்த இன்ரநெற் சரியில்லையெண்டு அதை வெட்டிப்போட்டு வேற கொம்பனியிட்ட எடுத்தவள். புதுக் கொம்பனி பூட்ட வாற நாளில வந்து நிண்டது முதல் கொம்பனிக்கு வந்த அதே வானாம், அதில ரெண்டு கொம்பனியின்ர பேரும் இல்லை, 'ஒப்பின்ரீச்' எண்டு எழுதிக் கிடந்ததாம். பிள்ளையை ஏமாத்திப்போட்டாங்களோ எண்டு எனக்கு யோசனையாக் கிடக்கு.
– ஒரு தாய், குருமன்காடு, வவுனியா

பதில்: ஏமாத்தேல்ல அம்மா, நித்திரையைக் கெடுக்காதேங்கோ. அங்க அது அப்பிடித்தான். றோட்டுக்குக் கீழ போற வயரும் தூணில போற வயரும் பெரும்பாலான இடத்தில ஒப்பின்ரீச் எண்ட ஆக்களின்ர. மகளுக்கு பில் அனுப்புறவை அந்த வயரை மாதக் கணக்கில வாடகைக்கு எடுத்து, அதுக்கு மேல தங்கட ரௌட்டரையும் தங்கட விலையையும் போட்டு விக்கிறவை. பழைய கொம்பனியும் அதே வயர், புதுக் கொம்பனியும் அதே வயர், ஆனபடியால் வயரைத் தொட வாறவரும் அதே ஆள்தான்.

முந்தி இப்பிடி இல்லை. அங்க டெலிபோன் முழுக்க அரசாங்கத்தின்ர கையில இருந்து 1984 இல அரைவாசிக்குக் கொஞ்சம் கூடின பங்கை வித்து பிரிட்டிஷ் டெலிகொம் எண்ட தனியார் கொம்பனியா ஆக்கினவை. வயரும் அவையின்ர, கடையும் அவையின்ர. பிறகு மற்றக் கொம்பனியளும் போட்டிக்கு வரலாம் எண்டு கதவைத் திறந்துவிட்டினம், ஆனால் வந்தவன் வீட்டுக்கு லைன் குடுக்க வேணுமெண்டால் தன்ர போட்டிக்காரனிட்டப் போய்த்தான் வயர் கேக்க வேணும், கேட்டால் அவன் சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டுவான், வேலை மட்டும் நடக்காது.

இது எனக்குப் புத்தகத்தில படிச்சுத் தெரிஞ்ச விசயம் இல்லை அம்மா. தொண்ணூறுகளின்ர கடைசியில வவுனியாவில நான் ஒரு கொமினிகேசன், அதுதான் காசுக்குக் கோல் எடுத்துக் குடுக்கிற கடை, வைச்சிருந்தனான், ரெண்டு லைன், ரெண்டு பலகைக் கூண்டு, மேசையில யூனிற் எண்ணுற மீற்றர். உள்ளுக்கிருந்து, அதுதான் சண்டைக்கால வன்னிக்குள்ள இருந்து, பாஸ் எடுத்துக்கொண்டு வாற சனம் விடியவே வந்து வாங்கில குந்தியிருக்கும், கனடாவுக்கு ஒரு கோல், சுவிஸுக்கு ஒரு கோல், "மகன் நான் அம்மா கதைக்கிறன்" எண்டவுடன அழுகை தொடங்கிவிடும், மீற்றர் ஓடிக்கொண்டிருக்கும். லைன் தந்த கொம்பனிக்கு மாதம் முடிய நான் கட்டினது சின்னக் காசில்லை. ஒருநாள் அதே கொம்பனிக்காரர் என்ர கடையில இருந்து கூப்பிடு தூரத்தில தாங்களே ஒரு கோல் கவுண்டர் திறந்தினம். திறக்கட்டும், அவையின்ர உரிமை. ஆனால் மழைக்கு லைன் செத்தால் அவையின்ர கவுண்டருக்குப் பின்னேரத்துக்குள்ள உயிர் வரும், என்ர கடைக்கு ஒன்பது நாள் எடுத்தது, போய்க் கேட்டால் "ரெக்னீசியன் இல்லை அண்ணை". ரெக்னீசியன் கண்ணுக்கு முன்னால ஏணியோட நிக்கிறான்! இனிச் சொல்லி என்ன, அந்தக் கடையும் இல்லை, அந்தக் கவுண்டரும் இல்லை.

லண்டன்காரருக்கும் இதே வயித்தெரிச்சல்தான். அங்கத்த ஒழுங்குபடுத்துற அமைப்பு ஒவ்கொம், 2005 இல "உங்களைப் போட்டி விசாரணைக்கு அனுப்பலாமோ எண்டு பாக்கிறம்" எண்டு கண்ணைக் காட்ட, பிரிட்டிஷ் டெலிகொம் தானாவே வந்து இருநூறுக்கு மேற்பட்ட உறுதிமொழி எழுதிக் குடுத்தது. அதில முக்கியமானது, வீட்டுக்கு வாற வயரைப் பாக்கிற பகுதியைத் தனியாப் பிரிக்கிறது. அதுதான் 2006 ஜனவரியில தொடங்கின ஒப்பின்ரீச். சொந்தக் கடைக்கு எந்த விலையோ, எந்த போர்மோ, எத்தனை நாளோ, மற்றவன்ர கடைக்கும் அதே. அதாலதான் மகளுக்கு அந்த வான் வந்தது. பூட்டினவர் கெட்டிக்காரரோ எண்டதை மட்டும் கேட்டுப் பாருங்கோ.

கேள்வி: ஐயா, எங்கட பாடத்தில வயரும் கடையும் ஒண்டா வைச்சிருக்கிற கொம்பனியைப் பிரிக்கிறதுக்குக் கணக்குப் பிரிப்பு, செயற்பாட்டுப் பிரிப்பு, சட்டப் பிரிப்பு, கட்டமைப்புப் பிரிப்பு எண்டு நாலு வருது. நோட்ஸ் பாத்தும் விளங்கேல்ல, எல்லாம் ஒண்டு மாதிரித்தான் இருக்கு. நாலுக்கும் என்ன வித்தியாசம்?
– மாணவி, வவுனியாப் பல்கலைக்கழகம்

பதில்: பிள்ளை, நெல்லுக் குத்துற மில்லை நினைச்சுக்கொள்ளுங்கோ. பரந்தன் பக்கம் ஒரு மில்காரர், ஊராற்ர நெல்லைக் கூலிக்குக் குத்திக் குடுக்கிறார், அதோட தன்ர பேர் அடிச்ச பையில அரிசியும் விக்கிறார். ஊரில வேற மில் இல்லை. இப்ப இன்னொரு அரிசி யாவாரி தன்ர நெல்லையும் அங்கதான் குத்த வேணும். மில்காரருக்கு ரெண்டு மனம் வருமோ வராதோ?

அரசாங்கம் வந்து "மில்லுக்கு ஒரு கொப்பி, அரிசிக்கு ஒரு கொப்பி எழுதுங்கோ, உங்கட சொந்த நெல்லுக்கு எவ்வளவு கூலி போட்டனீங்கள் எண்டு காட்டுங்கோ" எண்டால் அது கணக்குப் பிரிப்பு. ஆள் ஒண்டு, கை ஒண்டு, கொப்பி மட்டும் ரெண்டு. கொப்பியை எழுதுறதும் அவர்தான்.

செயற்பாட்டுப் பிரிப்பெண்டால் மில்லுக்குத் தனி மனேஜர், தனி ஆக்கள். அவையின்ர போனஸ் மில் ஓடினதைப் பாத்துத்தான், முதலாளியின்ர அரிசி எவ்வளவு வித்தது எண்டதைப் பாத்தில்லை. யாவாரி எத்தனை மூட்டை கொண்டுவாறார் எண்ட கதை அரிசிக் கடைப் பக்கம் போகப்படாது, இது சின்ன விசயம் எண்டு நினைக்காதேங்கோ, போட்டிக்காரன்ர ஓடர் முன்கூட்டியே தெரியிறதைப் போல லாபம் வேற இல்லை. எல்லாத்துக்கும் மேல முதலாளியின்ர சொந்த நெல்லும் அதே வரிசையில அதே கூலிக்கு நிக்க வேணும். உங்கட நோட்ஸில உள்ளீட்டுச் சமத்துவம் எண்டு ஒரு சொல் இருக்கும் பாருங்கோ, அது இந்த வரிசைதான். 2006 ஒப்பின்ரீச் இந்த வகை.

சட்டப் பிரிப்பில மில் தனிக் கொம்பனியாப் பதிவாகும், தனி இயக்குநர் சபை இருக்கும், ஆனால் பங்கு முழுக்கப் பழைய முதலாளியிட்டத்தான். 2017 இல ஒப்பின்ரீச்சுக்கு இதுதான் நடக்கத் தொடங்கினது, அடுத்த வருசம் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட வேலையாக்களை அந்தத் தனிக் கொம்பனிக்கு மாத்தினவை. வானில இருந்த பழைய அடையாளமும் அப்பதான் போனது.

கட்டமைப்புப் பிரிப்பு எண்டால் மில்லையே வேற ஆளுக்குக் குடுத்துவிடுறது. நியூசிலாந்தில டெலிகொம் எண்ட கொம்பனியை 2008 இல முதல் செயற்பாட்டு ரீதியாப் பிரிச்சுப் பாத்து, 2011 கடைசியில ரெண்டு கொம்பனியாவே வெட்டிவிட்டவை. வயர் கோரஸ் எண்ட கொம்பனிக்கு, கடை மற்றப் பக்கம். கடைப் பக்கம் 2014 இல ஸ்பார்க் எண்டு பேரையும் மாத்திக்கொண்டுது. அமெரிக்காவில 1984 ஜனவரி முதலாந் திகதி ஏரி அண்ட் ரீ எண்ட டெலிபோன் கொம்பனியை உடைச்சு ஏழு பிராந்தியக் கொம்பனி ஆக்கினதும் பிரிப்புத்தான், ஆனால் அது வேற மாதிரி, அங்க உள்ளூர் லைனை தூரத்துக் கோலில இருந்து வெட்டினவை. சோதினையில ரெண்டையும் குழப்பிப்போடாதேங்கோ.

இப்ப என்ர கருத்தைச் சொல்லுறன், சோதினையில புள்ளிக்கு எழுதிறேல்ல. கொப்பியைப் பிரிக்கிறதால ஒண்டும் நடக்காது. மனேஜரைப் பிரிச்சாலும் முதலாளி ஒருத்தர் எண்டால் ஒழுங்குபடுத்துறவையின்ர ஒரு கண் அதில இருந்துகொண்டேதான் இருக்க வேணும். ஒப்பின்ரீச்சையே எடுங்கோ, பிரிச்சு ஏழு வருசத்துக்குப் பிறகு, 2013, 2014 காலத்தில, மற்றக் கொம்பனியளுக்கு அதிவேக லைன் குடுக்கப் பிந்தினால் கட்ட வேண்டிய நட்டஈட்டைக் குறைக்கிறதுக்கு ஒரு குறுக்கு வழி பாத்தவை. "தாமதத்துக்கு அவை சம்மதிச்சவை" எண்டு பின் திகதியில கணக்குப் போட்டது. ஒவ்கொம் பிடிச்சு 2017 மார்ச்சில 42 மில்லியன் பவுண்ஸ் தண்டம் அடிச்சது, நட்டஈடு வேற. பிரிச்ச மில்லிலயே இப்பிடியெண்டால் பிரிக்காத மில்லில எப்பிடியிருக்கும்.

கேள்வி: உதெல்லாம் வெள்ளைக்காரன்ர கதை. எங்கட நாட்டில ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: சேர், எங்கட கதையும் அதே தடத்தில தொடங்கி நடுவழியில நிண்டுபோச்சு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தோட தொலைத்தொடர்புத் திணைக்களம் போய் சிறிலங்கா ரெலிகொம் எண்ட கூட்டுத்தாபனம் வந்தது. 1996 இல அது கொம்பனி, அதே வருசம் சட்டத்தைத் திருத்தி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் வந்தது. 1997 இல யப்பான்காரரின்ர என்ரீரீ எண்ட டெலிபோன் கொம்பனி 35 சதவீதப் பங்கை வாங்கிச்சுது. வெளிநாட்டுக் கோலின்ர ஏகபோகம் 2002 ஓகஸ்ட் வரைக்கும் இருந்தது, அதுக்குப் பிறகு வெளிநாட்டு வாசல் லைசன்ஸை, அதாவது வெளிநாட்டுக் கோலைக் கையாளுற அனுமதியை, கன கொம்பனியளுக்குக் குடுக்க கோல் விலை விழுந்த வேகத்தில என்ர கொமினிகேசனும் சேர்ந்து விழுந்தது, சனத்துக்கு நல்லது, எனக்குத்தான் கூடாது.

ஆனால் வயரையும் கடையையும் பிரிக்கிற வேலை நடக்கேல்ல. ஒரு காரணம் மொபைல். போட்டிக்கு வந்தவை பழைய செப்பு வயரைக் கேட்டு மல்லுக்கட்டாமல் தாங்களே ரவர் போட்டுக்கொண்டு போட்டினம், சனமும் லாண்ட் போனை விட்டிட்டுக் கைபோனுக்குத் தாவிட்டுது, ஆனபடியால் "வயரைத் தா" எண்டு கத்துற சத்தம் இங்க அவ்வளவாக் கேக்கேல்ல. இப்ப பைபர் எண்ட கண்ணாடி நார் வயர் வரத்தான் பழைய கேள்வி திரும்பி வந்து வாசலில நிக்குது.

இன்னொரு காரணம் சொல்ல வேணும். ரெலிகொம்மின்ர பங்கில 49.5 சதவீதம் அரசாங்கத்தின்ர. ஆணைக்குழுவுக்குத் தலைவரா இருக்கிறது சட்டப்படி அமைச்சின்ர செயலாளர். வீட்டுக்காரரே விதானையாரா இருந்தால் வேலிச் சண்டையில ஆருக்குத் தீர்ப்பு வரும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அநியாயம் நடந்தது எண்டு சொல்லேல்ல, அப்பிடி ஒரு இருப்பிலயிருந்து "எங்கட கொம்பனியை வெட்டுங்கோ" எண்ட குரல் வராது எண்டுதான் சொல்லுறன்.

மின்சார சபையைப் பாருங்கோ, 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தில உற்பத்தி ஒரு பக்கம், கடத்துறது ஒரு பக்கம், வீட்டுக்குக் குடுக்கிறது ஒரு பக்கம் எண்டு பிரிக்கிற யோசனை வந்துதானே. அது நல்லதோ கூடாதோ எண்டு சனம் தேத்தண்ணிக் கடையில சண்டை பிடிக்குது. கரண்டுக்குப் பிரிப்பெண்டால் விளங்கிற சனத்துக்கு இன்ரநெற்றுக்கும் விளங்கும். ஆரும் கேட்டால்தானே.

கேள்வி: பிரிச்சால் பில் குறையுமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.
– பரந்தன்

பதில்: அதை மட்டும் சொல்லேலாது அண்ணை. குறையவும் கூடும், குறையாமல் உங்கட பின்னேரத்தைக் கெடுக்கவும் கூடும்.

அவுஸ்ரேலியாவில நடந்ததைக் கேளுங்கோ. 2009 இல அரசாங்கம் என்பிஎன் எண்டு ஒரு கொம்பனி தொடங்கினது, அது மொத்தமா மட்டும்தான் விக்கலாம், உங்களுக்கோ எனக்கோ நேர விக்கேலாது. முந்தி வயரும் கடையும் ஒண்டா வைச்சிருந்த ரெல்ஸ்ரா பிரிப்புக்கு எழுதிக் குடுத்த உறுதிமொழி 2012 இல ஏற்கப்பட்டுது, சனத்தைப் பழைய வயரில இருந்து புதுசுக்கு மாத்துறதுக்கும் குழாயளை வாடகைக்கு விடுறதுக்கும் எண்டு அவைக்குப் போன காசின்ர பெறுமதி 11 பில்லியன் அவுஸ்ரேலிய டொலர் அளவு. வெட்டினால் வெட்டுக்கூலி ஆர் குடுக்கிறது எண்டதும் ஒரு கேள்விதான்.

சரி, வெட்டியாச்சு, சில்லறைக் கடையள் நூறு வந்தாச்சு, பேந்தென்ன குறை? என்பிஎன் கடைக்காரரிட்ட ரெண்டு விதமாக் காசு வாங்கினது, ஒரு வீட்டுக்கு இவ்வளவு, அதோட எல்லா வீடும் சேந்து இழுக்கிற அகலத்துக்கு, அதாவது ஒரே நேரத்தில போகக்கூடிய டேற்றா அளவுக்கு, இவ்வளவு. மலிவா விக்க வேணுமெண்ட கடைக்காரன் என்ன செய்வான், அகலத்தைக் குறைச்சு வாங்குவான். பகலில தெரியாது. இரவு எட்டு மணிக்கு ஊர் முழுக்கப் படம் பாக்கத் தொடங்க எல்லாற்ர வீட்டிலயும் வட்டம் சுத்தும், சனம் கடையைப் பேசும், கடை என்பிஎன்னைக் காட்டும், என்பிஎன் கடையைக் காட்டும். சிறுபோகத்தில ரெண்டு வாய்க்கால்காரர் ஒருத்தரை ஒருத்தர் காட்டுறது மாதிரித்தான். கடைசியில போட்டி ஆணைக்குழு வீடுகளில மீற்றர் பூட்டி எந்தக் கடை எவ்வளவு ஸ்பீட் உண்மையாக் குடுக்குது எண்டு அளந்து பகிரங்கமாப் போட வெளிக்கிட்டுது, அந்த அகலக் கட்டணத்தையும் படிப்படியா எடுக்கிற முடிவுக்கு வந்தவை.

ஆனபடியால் பிரிச்சாப் பிறகு மொத்த விலையை ஆர் எப்பிடி நிர்ணயிக்கிறது எண்டதிலதான் உங்கட பில் தொங்குது. மொத்த விலை கூடவெண்டால் கடை நூறு இருந்தாலும் நூறு கடையிலயும் ஒரே விலைதான்.

கேள்வி: எங்கட ஊர் ரவர் ஒண்டில மூண்டு கொம்பனியின்ர சாமான் தொங்குது. இதுவும் நீங்கள் சொல்லுற பிரிப்போ?
– புதுக்குடியிருப்பு

பதில்: அரைவாசிப் பிரிப்பு. இரும்பு ஒருத்தற்ர, அதில தொங்குற அன்ரெனா அவையவையின்ர. ரவரை மட்டும் கட்டி வாடகைக்கு விடுறதையே தொழிலாச் செய்யிற எடொற்கோ மாதிரிக் கொம்பனியும் இலங்கையில இருக்கு. ஆனால் எடொற்கோவும் கைபோன் கொம்பனி டயலொக்கும் அக்சியாட்டா எண்ட ஒரே மலேசியக் கொம்பனிக் குடும்பத்துப் பிள்ளையள், அதையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. பிழையெண்டில்லை. வீட்டை வாடகைக்கு விடுறவரின்ர தம்பியும் அதே வீட்டில குடியிருக்கிறார் எண்டது மாதிரி.

உங்களுக்கு இதால லாபம், மூண்டு ரவர் கட்டுற காசில ஒண்டு கட்டலாம், மிச்சத்தை அங்கால இன்னொரு ஊரில கட்டலாம். கட்டினமோ எண்டு கேளாதேங்கோ.

கேள்வி: ஸ்டார்லிங்க் எண்ட செய்மதி இன்ரநெற் வந்திட்டுதுதானே, இனி வயரும் வேண்டாம் பிரிப்பும் வேண்டாம் எண்டு என்ர மருமோன் சொல்லுறார். சரியோ?
– துணுக்காய்

பதில்: மருமோனை எதிர்த்துக் கதைக்கச் சொல்லுறியள், சரி. 2024 ஓகஸ்டில லைசன்ஸ் குடுத்து 2025 ஜூலையில சேவை தொடங்கினது உண்மை. காட்டோரத்தில தோட்டம் வைச்சிருக்கிற ஆளுக்கு அது பெரிய உதவி, தட்டுக்கும் மாதக் காசுக்கும் வசதியிருந்தால். ஆனால் நல்லா யோசிச்சுப் பாத்தால் நாங்கள் இவ்வளவு நேரமும் கதைச்சதுக்கு நேர் எதிர்ச்சாமான் அதுதான். செய்மதியும் அவையின்ர, ரொக்கெட்டும் அவையின்ர, தட்டும் அவையின்ர, பில்லும் அவையின்ர. நாளைக்கு விலை கூட்டினால் அதே தட்டை வைச்சுக்கொண்டு வேற கடைக்குப் போகேலாது. மருமோனிட்ட இதைச் சொல்லிப்போட்டு அவர் என்ன சொன்னவர் எண்டு எழுதுங்கோ.

கேள்வி: நான் ஒரு ரியூசன் சென்றர் நடத்துறன். பெரிய றோட்டால பைபர் போகுது, எங்கட ஒழுங்கைக்குள்ள வரேல்ல. அறுநூறு மீற்றர்தான். மூண்டு வருசமாக் கேட்டாச்சு, "ஒழுங்கையில ஆக்கள் காணாது" எண்டினம். சிக்னலும் மழை வந்தால் போயிடும், பிள்ளையள் சூம் வகுப்புக்குப் போனை வேலிக் கதியாலில கட்டிவிட்டிட்டுப் பாக்குதுகள். நீங்கள் சொல்லுற பிரிப்பு வந்தால் எங்கட ஒழுங்கைக்கு வயர் வருமோ?
– மல்லாவி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதெல்லாத்தையும் முன்னுக்கு எழுதினனான், ஏனெண்டால் உண்மையைச் சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமா இருக்கும். வெறும் பிரிப்பால உங்கட ஒழுங்கைக்கு ஒரு முழம் வயரும் வராது. இருக்கிற வயரைப் பங்கிடுறதுக்குத்தான் பிரிப்பு. இல்லாத வயரை ஆர் பிரிக்கிறது?

அவை "ஆக்கள் காணாது" எண்டு சொல்லுறது பொய்யுமில்லை. 2012 கணக்கெடுப்பில முல்லைத்தீவு மாவட்டம் முழுக்க 92 ஆயிரம் சனம் அளவு, பரப்பளவு 2,600 சதுர கிலோமீற்றர். சதுர கிலோமீற்றருக்கு 40 பேர் கூட இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில அதே கணக்கு 500 ஐத் தாண்டும். அங்க ஒரு ஒழுங்கைக்குள்ள நூறு மீற்றர் இழுத்தால் பத்து வீடு, எங்கட பக்கம் ஒரு வளவே ஒரு ஏக்கர், நூறு மீற்றருக்கு ஒரு படலை, அங்கால பனையும் பாலையும். கொம்பனிக்காரன் கல்குலேட்டரைத் தட்டிப்போட்டுத் திரும்பிப் போறான்.

இப்ப உங்கட ஒழுங்கையில ஒன்பது வீடெண்டு வையுங்கோ. மூண்டு கொம்பனி மூண்டு வயர் இழுத்தால் ஆளுக்கு மூண்டு வீடு, ஒருத்தனுக்கும் கட்டாது, அதால ஒருத்தனும் வாறான் இல்லை. ஒரே ஒரு வயர், அதை மூண்டு கொம்பனியும் வாடகைக்கு எடுத்து விக்கலாம் எண்டால் ஒன்பது வீடும் ஒரே வயரில. வயர்க்காரனுக்கு ஒன்பது வாடகை, அப்பவும் கட்டுமோ எண்டது சந்தேகம், ஆனால் மூண்டை விட ஒன்பது கிட்ட வந்திட்டுது. இரணைமடுவில இருந்து வாற வாய்க்காலுக்குப் பக்கத்தில ஆரும் ரெண்டாவது வாய்க்கால் வெட்டுறேல்லத்தானே, ஒரே வாய்க்காலில தானே எல்லாற்ர வயலும் குடிக்குது. சனம் ஐதான இடத்துக்குத்தான் பிரிப்பு கூடத் தேவை எண்டு நான் நினைக்கிறன், பட்டினத்தில மூண்டு வயர் ஓடினாலும் ஓடும்.

மிச்சக் காசு? அதுக்குத்தான் நியூசிலாந்துக் கதையின்ர மற்றப் பாதியைச் சொல்லாமல் வைச்சிருந்தனான். அங்க டெலிகொம்காரர் நல்ல மனசு வந்து தங்களை ரெண்டா வெட்டிக்கொள்ளேல்ல. நாடு முழுக்கப் பைபர் போடுறதுக்கு அரசாங்கம் பில்லியன் டொலருக்கு மேல காசை மேசையில வைச்சது, வைச்சுப்போட்டு ஒரு நிபந்தனை சொன்னது, இந்தக் காசில வயர் போடுறவன் சில்லறைக் கடை வைச்சிருக்கப்படாது. காசும் வேணும், கடையும் வேணுமெண்டால் நடக்காது. கொம்பனி கணக்குப் பாத்தது, வெட்டிக்கொண்டுது, வயர்ப் பக்கம் கோரஸாப் போய்ப் பெரும்பகுதி இடத்தை எடுத்தது. எல்லாம் அவைக்கும் குடுக்கேல்ல. வாங்கரெய் எண்ட பட்டினத்தில அந்த இடத்துக் கரண்டுக் கொம்பனியே பைபர் போட்டது, அது மின் பாவனையாளரின்ர ட்ரஸ்ட் ஒண்டுக்குச் சொந்தமானது, எங்கட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளலாம். முதல் 75 சதவீதச் சனத்துக்கு எண்டு தொடங்கின திட்டம் பிறகு 87 சதவீதம் எண்டு கூடி 2022 கடைசியோட முடிஞ்சுது.

87 எண்டால் 100 இல்லை, அதையும் பாருங்கோ. மிச்சம் 13 சதவீதம் அங்கத்த மல்லாவிகள். அவைக்குப் பழைய செப்பு வயராலயும் ரவராலயும் செய்மதியாலயும்தான் குடுத்தவை. அறுநூறு மீற்றர் எண்ட உங்கட தூரம் 87 க்குள்ளயோ 13 க்குள்ளயோ எண்டு கேட்டால், றோட்டில பைபர் போகுது எண்டபடியால் நான் 87 எண்டுதான் வாதாடுவன்.

ஆனபடியால் ஆணைக்குழுவுக்கோ பிரதேச செயலகத்துக்கோ இனி எழுதும்போது "எங்களுக்கு லைன் தாங்கோ" எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அந்தக் கடிதம் நேர கொம்பனிக்குப் போய்த் திரும்ப "ஆக்கள் காணாது" எண்டு வரும். அரசாங்கக் காசிலயோ வெளிநாட்டுக் கடன் காசிலயோ கிராமத்துக்கு வயரோ ரவரோ போடுற திட்டம் வந்தால், போடுறவன் அதை எல்லாக் கொம்பனிக்கும் ஒரே விலைக்கு வாடகைக்கு விட வேணும் எண்ட நிபந்தனை அதில இருக்குதோ எண்டு கேளுங்கோ. விலையைப் பகிரங்கமாப் போடுவினமோ எண்டு கேளுங்கோ. பழுதானால் எத்தனை நாளுக்குள்ள எண்டதையும் கேளுங்கோ, அதில எனக்கு ஒன்பது நாள் அனுபவம் இருக்கு.

அதோட ஒழுங்கையில உள்ள படலையளை எண்ணி, எந்த வீட்டில படிக்கிற பிள்ளையள் எத்தனை, ஆர் ஆர் மாதம் எவ்வளவு கட்டத் தயார் எண்டு ஒரு கொப்பியில எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கோ. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளோட வீடியோவில கதைக்கிற தாய்தேப்பன் இருக்கிற வீட்டையும் சேருங்கோ, அந்த வீடுகள்தான் முதல் காசு கட்டும். ஒன்பதுக்குக் கூட வந்தால் எனக்கும் ஒருக்கால் அறிவியுங்கோ, கொப்பியின்ர போட்டோவை அடுத்த இதழில போடுவம்.